டூக்கு ஏன் உண்மையைச் சொன்னார்? மூன்று அணிகளில் எதில் சேர்வது

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் இந்தத் தீபாவளி ஒன்றுகூடலுக்கு ஒரு பட்டிமன்றம் வைக்கிறார்கள். குடும்பமா நட்பா, பணமா பாசமா என்று ஓடிக்கொண்டிருந்த தலைப்பு இந்த முறை விண்வெளிக்குப் போய்விட்டது. ஸ்டார் வார்ஸ் படத் தொடரில் கைதியாகக் கிடக்கும் ஜெடாய் வீரர் ஓபி-வானிடம், ஜெடாய்களை விட்டுப்போன டூக்கு பிரபு ஏன் உண்மையைச் சொன்னார் என்பதுதான் கேள்வி. சூழ்ச்சி என்று ஓர் அணி, ஆள் பிடிப்பு என்று ஓர் அணி, மனசாட்சி என்று ஓர் அணி.

எந்த அணியில் பெயர் கொடுப்பது என்று தெரியாமல் நாலைந்து பேர் ஒட்டுக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, எந்தப் பக்கம் நின்னா கடைசிவரைக்கும் பேச முடியும்? அத மட்டும் சொல்லுங்க" என்றான் படிவம் ஐந்து படிக்கும் ஒரு தம்பி. தே தாரிக் ஆறிப்போகும்வரை பேசியும் முடியவில்லை. அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 2002இல் ஈப்போவில் இந்தக் காட்சி வரும் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது என் மனத்தில் விழுந்த கேள்வி இது. இன்னும் அது என்னை விடவில்லை.

## அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது

ஜியோனோசிஸ் கிரகம். நீல ஒளிக்கட்டுக்குள் ஓபி-வான் அந்தரத்தில் மெல்லச் சுழல்கிறார். டூக்கு உள்ளே வருகிறார். கிறிஸ்டபர் லீக்கு அப்போது எண்பதை நெருங்கிய வயது. அந்த நடையையும் குரலையும் கேட்ட பிறகு வில்லனை 'அவன்' என்று சொல்ல எங்கள் மேசையில் யாருக்கும் வாய் வரவில்லை. இன்றுவரை 'அவர்'தான்.

அவர் சொல்லும் செய்தி பெரியது. ஜெடாய்கள் காவல் நிற்கும் குடியரசு, அவர்களின் பரம எதிரிகளான சித்தின் பிடியில் போய்விட்டது. நூற்றுக்கணக்கான செனட்டர்கள் டார்த் சிடியஸ் என்ற சித் பிரபுவின் சொல்லுக்கு ஆடுகிறார்கள். சித் பயன்படுத்தும் தீய சக்தியான இருட்பக்கம் ஜெடாய்களின் பார்வையை மறைத்திருக்கிறது. என்னோடு சேர்ந்துகொள், இருவரும் சேர்ந்து சித்தை அழிப்போம் என்கிறார்.

அத்தனையும் உண்மை. ஓபி-வான் நம்பவில்லை. படத்தின் முடிவில் பார்த்தால் இதே டூக்கு தலைநகர் கோரஸ்கண்டில் இறங்கி, முக்காடு போட்ட சிடியஸின் முன் தலைவணங்கி, போர் தொடங்கிவிட்டது என்று நல்ல செய்தி சொல்கிறார். சிடியஸின் சீடனே அவர்தான். தன் குருவின் ரகசியத்தை எதிரியின் காதில் போட்டவர், படம் முடிவதற்குள் குருவின் காலடியில் நிற்கிறார். முடிச்சு இங்கேதான் விழுகிறது.

## எதை வைத்து அளப்பது

ஒரு விளக்கம் பிடித்திருக்கிறது என்பதற்காக அதை எடுக்கக் கூடாது. நான் நான்கு கேள்விகள் வைத்துக்கொண்டேன்.

ஒன்று, அதே காட்சியில் அவர் சொல்லும் பொய்களோடு இந்த விளக்கம் ஒத்துப்போகிறதா? பலர் கவனிப்பதில்லை, உண்மைக்கு முன்னால் டூக்கு இரண்டு பொய் சொல்கிறார். உன்னைக் கட்டிவைத்ததில் எனக்குச் சம்பந்தமில்லை, விடுதலைக்கு நானே மனுப் போடுகிறேன் என்கிறார். கூலிக்கு ஆள் வேட்டையாடும் ஜாங்கோ ஃபெட்டைப் பற்றிக் கேட்டால், இங்கே அப்படி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை என்கிறார். ஜாங்கோவை வேலைக்கு எடுத்தவரே அவர்தான். இரண்டு, அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்த காரியங்களோடு பொருந்துகிறதா? மூன்று, இந்த உண்மையைச் சொன்னதால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?

நான்காவது கேள்வியை எனக்குக் கொடுத்தவர் என் பெரியப்பா. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவருடைய அப்பா கங்காணியின் பேச்சைக் கேட்டு ரஜுலா கப்பலில் பினாங்குக்கு வந்தவர். ஒருநாள் வீட்டில் இந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது பெரியப்பா நின்று பார்த்தார். கதை தெரியாது, பாஷையும் பாதிதான் புரியும். நான் சுருக்கமாகச் சொன்னேன். "இது கங்காணிப் பேச்சு" என்றார்.

நான் விளக்கம் கேட்டேன். கங்காணி ஊருக்கு வந்து சொன்னதில் பொய் குறைவு என்றார். மலாயாவில் தோட்டம் இருக்கிறது, வேலை இருக்கிறது, கூலி இருக்கிறது, இங்கே பஞ்சம் இருக்கிறது, எல்லாம் உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டவைதான் ஆளைக் கொன்றன. கொடுத்த முன்பணம் கடனாக ஏறும் என்று சொல்லவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வந்து நிற்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தனக்குத் தலைக்காசு உண்டு என்று சொல்லவில்லை. 1938இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அந்தப் பேச்சு கிராமம் கிராமமாக நடந்தது. "என்ன சொன்னான்னு பாக்காத, எதை விட்டான்னு பாரு" என்று பெரியப்பா சொன்னதுதான் நான்காவது அளவுகோல்.

அப்படிப் பார்த்தால், டூக்கு விட்டவை இரண்டு. சித்தைப் பற்றிச் சொன்னவர், தானும் ஒரு சித் என்று சொல்லவில்லை. சிடியஸ் என்ற பெயரைச் சொன்னவர், அந்தச் சிடியஸ்தான் குடியரசை ஆளும் சான்சலர் பால்பட்டீன் என்று சொல்லவில்லை. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அணிகளுக்குள் போவோம்.

## முதல் அணி: சூழ்ச்சி

உண்மையையே ஆயுதமாக்கினார் என்பது இந்த அணியின் வாதம். நம்ப முடியாத வாயிலிருந்து வந்தால் உண்மையும் பொய்யாகிவிடும். ஓபி-வான் திரும்பிப்போய் ஜெடாய் மன்றத்தில் சொன்னபோது ஜெடாய்களின் மூத்தவரான யோடா என்ன சொன்னார்? டூக்கு இருட்பக்கம் சேர்ந்துவிட்டான், பொய்யும் வஞ்சகமும் அவநம்பிக்கை விதைப்பதும்தான் இப்போது அவன் வழி என்றார். சிடியஸ் தானே இதைச் சொல்லச் சொல்லியிருப்பான், இனி யார் சொன்னாலும் எடுபடாது என்கிறார்கள். மன்றத்தின் இன்னொரு பெரியவரான மேஸ் விண்டு செனட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னதையும் துணைக்கு இழுக்கலாம். எல்லார் கண்ணும் செனட்டர்கள்மேல் போகும், சான்சலர் தப்பித்துக்கொள்வார்.

மேடையில் கைதட்டு வாங்க இது நல்ல அணி. சொல்ல எளிது, கேட்பவருக்குச் சட்டென்று புரியும். அந்த இரண்டு பொய்களோடும் ஒத்துப்போகிறது.

ஆனால் மூன்றாவது கேள்வியில் அடி வாங்கும். அதுவரை ஜெடாய்களுக்குச் சிடியஸ் என்ற பெயரே தெரியாது. ஒளிந்திருப்பதுதான் அவனுடைய பலம். அந்தப் பெயரை எதிரி வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பதால் அவனுக்கு என்ன லாபம்? 2005இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஜெடாய்கள் அந்தச் சித் பிரபுவைத் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பால்பட்டீன்தான் சித், நாம் தேடிக்கொண்டிருந்த ஆள் அவர்தான் என்று ஓபி-வானின் சீடன் அனகின் மேஸ் விண்டுவிடம் வந்து சொல்கிறான். டூக்கு போட்ட விதை அது.

இன்னொன்று. போரைத் தொடங்கவும் பால்பட்டீன் அவசரகால அதிகாரம் வாங்கவும் இந்தப் பேச்சு தேவையே இல்லை. அவசரகாலம் என்ற சொல்லை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள். அதற்குப் பிறகு வந்த அவசரகாலம் 1960 வரை, பன்னிரண்டு வருடம் நீடித்தது. அந்த அதிகாரம் எப்படிக் கைக்கு வருகிறது என்பது எங்கள் பெரியவர்கள் கண்ணால் பார்த்த விஷயம். மக்களுக்குப் பயம் வர வேண்டும், அவ்வளவுதான். படத்தில் அந்தப் பயத்தை ஜியோனோசிஸின் ரோபோ சேனையே கொடுத்துவிடுகிறது. ஓபி-வான் அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததும் செனட் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. சிடியஸின் திட்டத்தில் டூக்குவின் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. அப்படியென்றால் இதை அவர் தன் சொந்தக் கணக்கில்தான் பேசியிருக்கிறார்.

## இரண்டாம் அணி: ஆள் பிடிப்பு

அழைப்பு நிஜம் என்கிறது இந்த அணி. ஓபி-வானைத் தனக்குச் சீடனாக்கிக்கொண்டு, இரண்டு பேராகச் சேர்ந்து சிடியஸைக் கவிழ்த்து, அந்த இடத்தில் தான் உட்கார வேண்டும். சித்தை அழிப்போம் என்ற சொல்லுக்கு என் குருவை அழிப்போம் என்று பொருள்.

இதற்கு அடித்தளம் இருவர் விதி. டார்த் பேன் காலத்திலிருந்து சித் என்றால் எப்போதும் இரண்டே பேர், ஒரு குரு, ஒரு சீடன். சீடனின் வேலையே ஒருநாள் குருவைக் கொன்று மேலே ஏறுவது. டூக்கு சித் பாதைக்குத் துரோகம் செய்யவில்லை, சித் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறார்.

இந்த அணிக்குக் கிடைக்கும் சான்று மற்ற இரண்டுக்கும் கிடைக்காது. 1980இல் வந்த படத்தில் பிற்காலத்தில் சிடியஸின் சீடனான டார்த் வேடர் தன் மகன் லூக்கிடம் இதையேதான் சொல்கிறார். என்னோடு சேர், நாம் இருவரும் சேர்ந்தால் பேரரசனை, அதாவது அதே சிடியஸை, வீழ்த்தலாம், அப்பாவும் பிள்ளையுமாக ஆளலாம் என்கிறார். அங்கே யாரும் அது சூழ்ச்சியா என்று கேட்பதில்லை. ஒரே குருவின் கீழ் இருந்த இரண்டு சீடர்கள், இருபது வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில், ஒரே அழைப்பை விடுக்கிறார்கள்.

அசையும்பட வரிசையான குளோன் வார்ஸையும் சேர்த்துக்கொண்டால் பிடி இன்னும் இறுகும். டூக்கு அசாஜ் வென்ட்ரஸைப் பயிற்றுவிக்கிறார். அவள் பலம் கூடுவதைப் பார்த்து சிடியஸுக்குச் சந்தேகம் வருகிறது. உன் விசுவாசத்தைக் காட்ட அவளைக் கொல் என்கிறான். டூக்கு அவளைக் கைவிடுகிறார், ஆனால் அடுத்து சாவேஜ் ஓப்ரெஸ் என்ற முரட்டு ஆளைக் கொண்டுவந்து ரகசியமாக வளர்க்கிறார். ஆள் தேடுவதை அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை. 2014இல் வந்த ஆறாவது சீசனில் மறுபடி ஓபி-வானை எதிர்கொள்ளும்போது, ஜியோனோசிஸிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், நீ என்னோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று குத்திக்காட்டுகிறார். இத்தனை வருடம் அது அவர் மனத்தில் கிடந்திருக்கிறது.

பெரியப்பாவின் கேள்விக்கும் இங்கேதான் சரியான பதில் வருகிறது. தான் ஒரு சித் என்பதை ஏன் விட்டார்? சொன்னால் எந்த ஜெடாயும் வர மாட்டான். பால்பட்டீன் பெயரை ஏன் விட்டார்? சொல்லியிருந்தால் ஜெடாய் மன்றமே திரண்டு போய் அவனைப் பிடித்திருக்கும், நாற்காலி டூக்குவுக்குக் கிடைத்திருக்காது. கங்காணி துரைக்கு ஆள் பிடிப்பான். டூக்கு துரையின் பங்களாவுக்கே குறிவைத்து ஆள் பிடித்தார்.

இந்த அணிக்கும் மறைந்திருக்கும் செலவு உண்டு, அதை மறைத்துப் பேசினால் எதிரணி கிழித்துவிடும். குருவைக் கவிழ்க்க நினைப்பவர் கிரகத்தையே அழிக்கும் ஆயுதமான மரண நட்சத்திரத்தின் வரைபடத்தை ஏன் பத்திரமாகக் கொண்டுபோய் அவனிடமே சேர்க்கிறார்? சீடனாக வேண்டும் என்று கேட்டவனை ஏன் மிருகங்களுக்கு இரையாக அரங்கத்தில் நிறுத்துகிறார்? இரண்டாவதற்குப் பதில் எளிது. ரகசியத்தைக் கேட்டுவிட்டு வர மறுத்தவனை உயிரோடு விடுவது ஆபத்து. முதலாவதற்கு என் பதில் இது: தனியாக நின்று சிடியஸை எதிர்க்க முடியாது என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது ஆள் கிடைக்கும்வரை நல்ல சீடனாக நடந்துகொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. இந்தப் பதில் எல்லாரையும் திருப்திப்படுத்தாது, தயாராகப் போங்கள்.

## மூன்றாம் அணி: மனசாட்சி

இந்த அணியில்தான் நான் பல வருடம் இருந்தேன். இன்னும் மனம் அங்கே போய்ப் போய் வருகிறது.

டூக்கு பணத்துக்காகவோ பயந்தோ ஜெடாய் சங்கத்தை விட்டவர் அல்ல. செனட்டின் ஊழலைப் பார்த்து, ஜெடாய்கள் அதற்குக் காவல் நிற்பதைப் பார்த்து வெளியேறியவர். 2022இல் 'டேல்ஸ் ஆஃப் தி ஜெடாய்' என்ற பெயரில் வந்த ஆறு குறும்படங்களில் மூன்று அவருடையவை. அதில் ஒன்றில் ஒரு செனட்டரின் மகனை ஊர்க்காரர்களே கடத்தி வைத்திருக்கிறார்கள். மீட்கப் போன டூக்குவும் இளம் குவை-கானும் பார்ப்பது பட்டினி கிடக்கும் கிராமம், காய்ந்துபோன நிலம். அதைச் செய்தவன் அந்தச் செனட்டரே. டூக்குவின் கோபம் அங்கே நியாயமான கோபம். தொழிற்சங்கம் பேசும் வீட்டில் வளர்ந்தவர்கள் அந்தக் காட்சியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

கைதியின் முன் நின்று குவை-கான் உயிரோடு இருந்திருக்கக் கூடாதா, இப்போது எனக்கு அவன் உதவி தேவை என்று டூக்கு சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்குகிறது. குவை-கான் அவருடைய சீடன், ஓபி-வான் குவை-கானின் சீடன். நம் வழக்கில் சொன்னால் பேரப்பிள்ளை முறை. அந்த வார்த்தை நடிப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனால் செலவு மிகப் பெரியது. குவை-கானைக் கொன்றது டார்த் மால், அவனை ஏவியது சிடியஸ். தன் சீடனின் கொலைக்குக் காரணமானவனிடமே டூக்கு சீடனாக இருக்கிறார். அதே குறும்படங்களில், தன்னைத் தடுக்க வந்து, திரும்பி வா என்று கெஞ்சிய ஜெடாய் மாஸ்டர் யாடலைத் தன் கையால் கொல்கிறார். குளோன் சேனை உருவான காமினோ கிரகத்தின் விவரத்தை ஜெடாய் ஆவணங்களிலிருந்து அழித்ததும் அவரே. இதெல்லாம் ஜியோனோசிஸுக்கு முன்பே நடந்து முடிந்தவை. மனசாட்சி இருந்தது, அதை மறுக்கவில்லை. ஓபி-வானிடம் பேசிய அன்று அது எவ்வளவு மிச்சம் இருந்தது என்றுதான் இந்த அணி சொல்ல வேண்டும். உண்மையாகவே சித்தை அழிக்க நினைத்தவருக்கு ஒரே ஒரு பெயர் போதும், அதைச் சொல்லவில்லையே என்று எதிரணி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் நான் இந்த அணியை விட்டு வந்தேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சூழ்ச்சி | ஆள் பிடிப்பு | மனசாட்சி |
|---|---|---|---|
| காட்சியில் வரும் இரண்டு பொய்கள் | பொருந்தும் | பொருந்தும் | உறுத்தும் |
| முன்னும் பின்னும் செய்தவை | பெரும்பாலும் பொருந்தும் | வரைபடம் மட்டும் இடிக்கும் | யாடல் கொலையில் உடையும் |
| லாபம் யாருக்கு | சிடியஸுக்கு நட்டம், அதனால் பலவீனம் | டூக்குவுக்கு | குடியரசுக்கு, ஆனால் கிடைக்கவில்லை |
| சொல்லாமல் விட்டது | பாதி விளங்கும் | முழுதும் விளங்கும் | விளங்காது |

## யாருக்கு எந்த அணி

படங்களை மட்டும் பார்த்தவர்கள், அசையும்பட வரிசைக்கு நேரம் இல்லாதவர்கள் என்றால் சூழ்ச்சி அணி போதும். யோடாவின் ஒரு வசனத்தை வைத்தே ஐந்து நிமிடம் பேசலாம். சிடியஸுக்கு என்ன லாபம் என்ற கேள்வி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவர் நான் என்றால் கட்டாயம் கேட்பேன்.

மேடையில் சபையை உருக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் மனசாட்சி அணிக்குப் போகலாம். ஆனால் அங்கே போகிறவர்கள் டூக்குவை நல்லவராக்கப் பார்க்காதீர்கள். நல்லவராக இருந்தவர் என்று பேசுங்கள். அந்த இறந்தகாலத்தில்தான் உங்கள் வாதத்தின் பலம் இருக்கிறது.

கேள்விக்குக் கேள்வி பதில் சொல்லி நிற்க வேண்டும், தோற்றாலும் தகவலில் தோற்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு ஆள் பிடிப்பு அணி. என் வாக்கும் அதற்கே. குளோன் வார்ஸில் வென்ட்ரஸ் வரும் பகுதிகளையும் ஆறாவது சீசனையும் பார்க்காமல் மட்டும் அதில் பெயர் கொடுக்க வேண்டாம்.

எந்த அணிக்குப் போனாலும் மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில் வரும் அந்தச் சில நொடிகளைத் தனியாக உட்கார்ந்து இரண்டு முறை பாருங்கள். அனகின் டூக்குவின் இரண்டு கைகளையும் வெட்டிவிடுகிறான். டூக்கு மண்டியிட்டிருக்கிறார், கழுத்தின் இரு பக்கமும் வாள். நாற்காலியில் கட்டப்பட்டிருக்கும் பால்பட்டீன், அவனைக் கொல் என்கிறான். டூக்கு திரும்பிப் பால்பட்டீனைப் பார்க்கிறார். வாய் திறந்து அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு அப்போதும் ஒரு மூச்சு நேரம் இருந்தது. சொல்லவில்லை. விசுவாசமான வேலைக்காரனின் அதிர்ச்சி அது என்று முதல் அணி சொல்லும். கடைசியில் விழித்துக்கொண்ட மனிதனின் பார்வை என்று மூன்றாம் அணி சொல்லும். தனக்கு முன்பே குரு இரண்டாவது ஆளைப் பிடித்துவிட்டான், அந்த ஆள்தான் இப்போது தன் கழுத்தில் வாள் வைத்திருக்கிறான் என்று டூக்குவுக்குப் புரிந்துவிட்டதாக நான் பார்க்கிறேன். நடுவர் கடைசிச் சுற்றில் அந்தப் பார்வையைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று ஒன்றுகூடல் நடத்தும் தம்பி சொன்னான். பதிலை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.